லைவ் டிஸ்க்கில் கணினி எழுந்துவிட்டது, ஹார்ட் டிஸ்க் மட்டும் திறக்கவில்லையா?

விண்டோஸ் எழவில்லை. நீலத் திரை வருகிறது, போகிறது, மறுபடி வருகிறது. யாரோ சொன்னார்கள் என்று உபுண்டு (லினக்ஸ் வகை இலவச இயங்குதளம்) பென்டிரைவையோ பழைய டிவிடியையோ போட்டுக் கணினியை எழுப்பிவிட்டீர்கள். மவுஸ் அசைகிறது, வைஃபைகூடக் கிடைக்கிறது. உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க் மட்டும் கைக்கு வரவில்லை. இந்த இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நான் சர்வீஸ் கடை வைத்திருப்பவன். மார்ச் கடைசி வாரத்தில் டேலி கணக்கோடு செத்துப்போன லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வருபவர்களிடம் முதலில் ஒன்று கேட்பேன்: "லேப்டாப் ஓடணுமா, உள்ளே இருக்கிறது வேணுமா?" ரெண்டும்தான் என்பார்கள். அப்படியென்றால் உள்ளே இருப்பதை முதலில் வெளியே எடுத்துவிட வேண்டும், ரிப்பேரெல்லாம் அப்புறம். இந்த வரிசையை மாற்றியதால் போன கோப்புகள், டிஸ்க் கெட்டுப் போன கோப்புகளைவிட அதிகம் என்பது என் கடை அனுபவம்.

லைவ் டிஸ்க் என்பது இயங்குதளத்தை ஹார்ட் டிஸ்க்கில் நிறுவாமல், பென்டிரைவிலிருந்தோ டிவிடியிலிருந்தோ படித்து, ரேமில் வைத்து ஓட்டுவது. 2000-இல் ஜெர்மனியின் கிளவுஸ் க்னாப்பர் வெளியிட்ட நாப்பிக்ஸ்தான் இதை ஊரறியச் செய்தது. ஹார்ட் டிஸ்க்கில் எதையும் எழுதாமலே கணினி ஓடும் என்பதுதான் இதில் நமக்கு வேண்டிய குணம். அதனால் உபுண்டு திரையில் "டிரை", "இன்ஸ்டால்" என்று இரண்டு கேட்டால் "டிரை"யைத் தவிர வேறு எதையும் தொடாதீர்கள். இன்ஸ்டால் பக்கம் போய் "அடுத்து, அடுத்து" என்று தட்டிக்கொண்டே போனால் டிஸ்க்கையே துடைத்துவிடும்.

கையில் இருக்க வேண்டியவை: சார்ஜர், காலி இடமுள்ள வெளி ஹார்ட் டிஸ்க், போன். பென்டிரைவ் போதும் என்று நினைக்காதீர்கள், காரணம் பின்னால் வரும். மவுஸால் முடிகிற வழிகளையே பெரும்பாலும் சொல்கிறேன். டைப் செய்தே ஆக வேண்டிய இடங்களில், போனில் வாடிக்கையாளருக்குச் சொல்கிற மாதிரி உச்சரித்துச் சொல்லியிருக்கிறேன்.

பென்டிரைவ் போட்டும் விண்டோஸையே தேடிப் போகிறது

பவர் பட்டனை அமுக்கியதும் பூட் மெனு (எதிலிருந்து கிளம்புவது என்று கேட்கும் பட்டியல்) விசையைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். டெல், லெனோவா என்றால் பெரும்பாலும் எஃப்12, எச்பி என்றால் எஃப்9, ஆசஸ் லேப்டாப் என்றால் எஸ்கேப். ஏசரில் எஃப்12 தான், ஆனால் பல மாடல்களில் பயாஸுக்குள் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) போய் அந்த மெனுவை முதலில் இயக்கிவிட வேண்டியிருக்கும். பத்து வருடத்துக்கு மேலான 32 பிட் கணினி என்றால் இன்றைய உபுண்டு அதில் எழாது. 17.10 பதிப்பிலிருந்தே 32 பிட் டெஸ்க்டாப் வெளியீட்டை நிறுத்திவிட்டார்கள். ஆன்டிஎக்ஸ் மாதிரி 32 பிட் வெளியீடு ஒன்றைத் தேடுங்கள். லோகோ வந்ததும் திரை கறுத்துவிடுகிறது என்றால் முதல் மெனுவிலேயே "சேஃப் கிராஃபிக்ஸ்" என்று ஒரு வரி இருக்கும், அதைத் தேர்ந்தெடுங்கள்.

செக்யூர் பூட்டை (நம்பகமான இயங்குதளத்தை மட்டும் எழவிடும் பயாஸ் அமைப்பு) அணைக்கலாமா என்று கேட்பார்கள். உபுண்டுவுக்காக அணைக்கத் தேவையில்லை. அணைத்தே ஆக வேண்டிய லைவ் டிஸ்க்காக இருந்தாலும் கீழே பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) பகுதியைப் படித்துவிட்டு அணையுங்கள்.

எழுந்துவிட்டது, ஆனால் ஹார்ட் டிஸ்க்கே பட்டியலில் இல்லை

ஃபைல்ஸ் ஜன்னலில் இல்லை என்பதை வைத்து முடிவுக்கு வராதீர்கள். "டிஸ்க்ஸ்" என்று ஒரு மென்பொருள் உபுண்டுவோடே வருகிறது, அதைத் திறங்கள். இடது பக்கம் கணினியில் உள்ள எல்லா டிஸ்க்குகளும் கம்பெனிப் பெயர், கொள்ளளவோடு வரிசையாக நிற்கும். அங்கே இருந்தால் இந்தப் பகுதி உங்களுக்கில்லை, அடுத்ததற்குப் போகலாம். அங்கேயும் இல்லை, பென்டிரைவ் மட்டும்தான் இருக்கிறது என்றால் மூன்று காரணங்கள் உண்டு.

சுலபமானது, இணைப்பு. டெஸ்க்டாப் என்றால் சாட்டா கேபிளைக் கழற்றி மாட்டுங்கள், முடிந்தால் வேறு கேபிள் போட்டுப் பாருங்கள். தூசி தட்டும்போது அரை மில்லிமீட்டர் நகர்ந்த கேபிளால் "டிஸ்க் போச்சு" என்று வந்தவர்கள் எத்தனையோ பேர்.

இரண்டாவதுதான் ஆளைக் குழப்பும். இன்டெல் லேப்டாப்புகள் பலவற்றில் எஸ்எஸ்டியை நேராக வெளியே காட்டாமல் ஒரு திரைக்குப் பின்னால் வைத்திருப்பார்கள். பழையவற்றில் பயாஸுக்குள் சாட்டா மோடு என்ற இடத்தில் "ரெய்டு" அல்லது "ஆர்எஸ்டி" என்று இருக்கும். 2020-இல் வந்த 11-ஆம் தலைமுறை இன்டெல் சிப் தொடங்கி "விஎம்டி" என்ற பெயரில் இருக்கும். விண்டோஸ் இன்ஸ்டால் டிஸ்க் போட்டாலும் "டிஸ்க் எதுவும் இல்லை" என்றே சொல்லும், ஏனென்றால் அதற்குள் இந்த டிரைவர் இருக்காது. லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்து அந்த டிரைவரை இறக்கி, இன்னொரு பென்டிரைவில் விரித்து வைத்து, "லோட் டிரைவர்" பட்டனில் காட்டினால் டிஸ்க் சட்டென்று முளைக்கும். லினக்ஸில் விஎம்டிக்கான டிரைவர் கெர்னலிலேயே (அதன் உள்ளங்கம்) இருக்கிறது, ஆனால் அண்மைக்கால வெளியீடாக இருக்க வேண்டும். 2018-இல் எரித்த டிவிடியை வைத்துக்கொண்டு 2022 லேப்டாப்பைத் திறக்கப் பார்த்தால் முடியாது. புதிதாக ஒன்றை இறக்கிப் பென்டிரைவில் ஏற்றுங்கள்.

பழைய ஆர்எஸ்டி வகைக்கு ஒரே வழி பயாஸில் அதை "ஏஎச்சிஐ" (டிஸ்க்கை நேராகக் காட்டும் முறை) ஆக்குவதுதான். மாற்றும் முன் கீழே பிட்லாக்கர் பகுதியைப் படித்துவிட்டு, அந்தத் திரையை போனில் படம் எடுத்து வையுங்கள். ஏஎச்சிஐ ஆக்கினால் லினக்ஸுக்கு டிஸ்க் தெரியும். ஆனால் அதே நிலையில் விண்டோஸைக் கிளப்பினால், "இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ்" என்று நீலத் திரையில் விழ வாய்ப்பு அதிகம். பயப்பட வேண்டாம். கோப்புகளை எடுத்து முடித்ததும் படத்தைப் பார்த்து பழையபடியே மாற்றிவிடுங்கள், விண்டோஸ் முன்பு எப்படி இருந்ததோ அப்படியே இருக்கும். டிஸ்க் இரண்டைச் சேர்த்து உண்மையிலேயே ரெய்டாகக் கட்டிய கணினி என்றால் மட்டும் இதில் கை வைக்காதீர்கள்.

மூன்றாவது, டிஸ்க் உண்மையிலேயே போய்விட்டது. பயாஸ் திரையிலும் அதன் பெயர் இல்லை என்றால் எந்த லைவ் டிஸ்க்காலும் ஆகாது. கழற்ற முடிகிற டிஸ்க் என்றால் யுஎஸ்பி உறை ஒன்றில் போட்டு வேறு கணினியில் ஒருமுறை பார்த்துவிடலாம். இருபது நிமிட வேலை, சில சமயம் பிழை மதர்போர்டில் இருக்கும்.

டிஸ்க் தெரிகிறது, நாலைந்து துண்டுகளாக இருக்கிறது. எது என்னுடையது?

லினக்ஸில் சி, டி என்ற எழுத்துகள் கிடையாது. சாட்டா டிஸ்க் என்றால் எஸ்டிஏ, எஸ்டிபி என்றும், புது வகை எஸ்எஸ்டி என்றால் என்விஎம்இ என்று தொடங்கும் நீளமான பெயரும் இருக்கும். கடைசியில் ஒட்டியிருக்கும் எண்தான் பார்ட்டிஷன் (டிஸ்க்கின் துண்டு) எண். பெயரை விடுங்கள், அளவைப் பாருங்கள். விண்டோஸ் 10, 11 தானாகப் பிரித்த டிஸ்க்கில் வழக்கமாக முதலில் 100 எம்பி அளவில் ஒன்று, பிறகு 16 எம்பியில் ஒன்று, அடுத்துப் பெரியதாக ஒன்று, ஓரத்தில் அரை ஜிபியோ கூடக் கொஞ்சமோ ஒன்று என்று இருக்கும். பெரியதுதான் உங்கள் சி டிரைவ். 100 எம்பி பார்ட்டிஷனில்தான் கணினி கிளம்புவதற்கான கோப்புகள் இருக்கின்றன, "இது எதற்கு?" என்று அழித்துவிடாதீர்கள்.

விண்டோஸில் 465 ஜிபி என்று பார்த்துப் பழகியது இங்கே 500 ஜிபி என்று தெரியும். 1000-ஆல் பெருக்கிக் கணக்கிடுவதா 1024-ஆல் கணக்கிடுவதா என்ற வித்தியாசம்தான் அது, டிஸ்க் ஒன்றும் வளர்ந்துவிடவில்லை.

கிளிக் செய்தால் பிழை வருகிறது, அல்லது படிக்க மட்டுமே விடுகிறது

கடைக்கு வருவதில் பாதி இதுதான். ஆட்கள் தவறான கதவைத் தட்டுவதும் இங்கேதான்.

2012-இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து "ஷட் டவுன்" கொடுத்தால் கணினி முழுதாக அணைவதில்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று பெயர். உங்கள் புரோகிராம்களை மூடிவிட்டு, விண்டோஸின் உள்ளங்கம் மட்டும் தன் நினைவை "ஹைபர்ஃபில்" என்ற கோப்பில் எழுதிவைத்துவிட்டுத் தூங்கும். மறுநாள் சீக்கிரம் எழுவதற்காக. தூங்கும்போது டிஸ்க்கில் எது எங்கே இருக்கிறது என்ற கணக்கும் அதன் நினைவில் இருக்கிறது. இடையில் நீங்கள் லினக்ஸில் வந்து அந்த டிஸ்க்கில் ஏதாவது எழுதிவிட்டால், எழுந்து வரும் விண்டோஸ் பழைய கணக்கை வைத்துக்கொண்டு அதன் மேலேயே எழுதும். கோப்புகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். இது தெரிந்துதான் லினக்ஸின் என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் டிஸ்க்கின் வடிவம்) டிரைவர் "விண்டோஸ் தூங்குகிறது, படிக்க மட்டும் தருகிறேன்" என்று நிற்கிறது. இதைக் கோளாறு என்று நினைத்துச் சண்டை போடாதீர்கள். நமக்கு வேண்டியது படிப்பதுதானே? காப்பி எடுக்க அதுவே போதும்.

புதிய வெளியீடுகளில் இதே நிலைமை வேறு முகத்தோடு வரும். லினக்ஸ் 5.15-இல், 2021-இல், என்டிஎஃப்எஸ்3 என்ற புது டிரைவர் கெர்னலுக்குள் வந்தது. கரண்ட் போய்ச் சட்டென்று அணைந்த டிஸ்க்கில் "சரியாக மூடப்படவில்லை" என்ற ஒரு குறி விழுந்திருக்கும். அந்தக் குறி இருந்தால் இந்த டிரைவர் எழுதும் உரிமையோடு திறக்க மறுத்துவிடும். திரையில் வருவதோ "ராங் எஃப்எஸ் டைப், பேட் சூப்பர்பிளாக்" என்று பயமுறுத்தும் ஒரு வரி. அதைப் படித்துவிட்டு டிஸ்க் நாசமாகிவிட்டது என்று ஃபார்மட் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

செய்ய வேண்டியது, படிக்க மட்டும் என்று நாமே கேட்டுத் திறப்பது. டெர்மினலை (ஆணைகளை டைப் செய்யும் ஜன்னல்) திறந்து: சூடோ, இடைவெளி, மவுண்ட், இடைவெளி, மைனஸ் ஓ, இடைவெளி, ஆர்ஓ, இடைவெளி, பார்ட்டிஷன் பெயர், இடைவெளி, ஸ்லாஷ் எம்என்டி. எல்லாம் சின்ன எழுத்து. பார்ட்டிஷன் பெயரை டிஸ்க்ஸ் ஜன்னலிலேயே "டிவைஸ்" என்ற வரியில் பார்க்கலாம், ஸ்லாஷ் டெவ் ஸ்லாஷ் என்று தொடங்கும், அப்படியே முழுதாக டைப் செய்யுங்கள். சூடோ என்றால் நிர்வாகி உரிமையோடு ஓட்டு என்று பொருள், உபுண்டு லைவில் அதற்குக் கடவுச்சொல் கேட்காது. பிழைச் செய்தி எதுவும் வராமல் அடுத்த வரிக்குப் போனால் வேலை முடிந்தது என்று பொருள். ஃபைல்ஸில் கம்ப்யூட்டர் என்ற இடத்துக்குப் போய், எம்என்டி ஃபோல்டரைத் திறந்தால் உங்கள் சி டிரைவ் உள்ளே இருக்கும்.

விண்டோஸ் இன்னும் எழக்கூடிய நிலையில் இருந்து, நீங்கள் வேறு காரணத்துக்காக லினக்ஸில் வந்திருந்தால், நேர்வழி இருக்கிறது. விண்டோஸுக்குப் போய், ஷிஃப்ட் விசையை அமுக்கிக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள். அப்போது முழுதாக அணையும். ரீஸ்டார்ட் கொடுத்தாலும் முழுதாக அணைந்துதான் மறுபடி எழும். கரண்ட் போன குறி இருந்தால் விண்டோஸில் செக் டிஸ்க் (டிஸ்க்கைச் சோதித்துச் சரிசெய்யும் கருவி) ஓட்டிவிட்டு வாருங்கள்.

இணையத்தில் தேடினால் முதலில் கிடைப்பது இரண்டு மருந்துகள். ஒன்று என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ், இன்னொன்று ஹைபர்ஃபில் கோப்பை அழித்துவிட்டு டிஸ்க்கைத் திறப்பது. முதலாவது செக் டிஸ்க் கிடையாது, சின்னச் சின்ன முரண்களைச் சரிசெய்துவிட்டு, மீதியை விண்டோஸ் பார்த்துக்கொள்ளட்டும் என்று குறி போட்டுவைக்கும், அவ்வளவுதான். இரண்டாவது, தூங்கும் விண்டோஸின் நினைவைத் தூக்கிப் போடுவது. மூடாமல் வைத்த கோப்பு இருந்தால் அதுவும் போகும். இரண்டுமே டிஸ்க்கில் எழுதுபவை. காப்பி எடுத்து முடிக்கும் முன் இரண்டும் வேண்டாம்.

நீளமான ஒரு சாவியைக் கேட்கிறது

பிட்லாக்கர். "நான் எந்தப் பூட்டும் போடவில்லையே" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான், விண்டோஸே போட்டது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து புது லேப்டாப்பை அமைத்திருந்தால், டிவைஸ் என்கிரிப்ஷன் என்ற பெயரில் சத்தமில்லாமல் இது இயங்கியிருக்கலாம். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து இன்னும் அதிகக் கணினிகளில் இது தானாகவே இயங்குகிறது.

சாவி 48 இலக்கம், ஆறாறாக எட்டுக் கட்டு. வேறு கணினியிலோ போனிலோ அதே மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, சாதனங்கள் பகுதியில் பிட்லாக்கர் சாவிகள் என்பதைத் திறந்தால் அநேகமாகக் கிடைக்கும். பல சாவிகள் இருந்தால் குழம்ப வேண்டாம், விண்டோஸின் நீலப் பூட்டுத் திரையில் "கீ ஐடி" என்று ஒன்று இருக்கும், அதன் முதல் எட்டு எழுத்துகளோடு ஒத்துப்பார்த்து எடுங்கள். அலுவலக லேப்டாப் என்றால் சாவி அலுவலக ஐடி ஆட்களிடம் இருக்கும்.

உபுண்டு 22.04-க்குப் பிறகு வந்தவற்றில் ஃபைல்ஸிலேயே அந்த டிரைவைக் கிளிக் செய்தால் பெட்டி வரும், நடுவில் உள்ள கோடுகளோடு சேர்த்து 48 இலக்கத்தையும் கொடுத்தால் திறக்கும். "தவறு" என்று சொன்னால் கண் ஏமாற்றியிருக்கும். இதற்கு ஒரு கைவைத்தியம் உண்டு: ஒவ்வொரு ஆறு இலக்கக் கட்டும் 11-ஆல் மீதியின்றி வகுபடும்படிதான் இந்தச் சாவியை அமைத்திருக்கிறார்கள். போன் கால்குலேட்டரில் கட்டுகளை ஒவ்வொன்றாக 11-ஆல் வகுத்துப் பாருங்கள். எதில் புள்ளி வருகிறதோ அந்தக் கட்டில்தான் எழுத்துப்பிழை. ஒரு முறை ஒரு டீச்சர் தன் மகனிடம் போனில் கேட்டு எழுதிக்கொண்டு வந்த சாவியில் ஐந்தாவது கட்டு வகுபடவில்லை. "ஒன்றா ஏழா, நல்லாப் பாருப்பா" என்று திரும்பக் கேட்டதும் தீர்ந்தது.

சாவி கிடைக்கவே இல்லை என்றால் திறக்க முடியாது. என்னாலும் முடியாது, யாராலும் முடியாது. முடியும் என்று பணம் கேட்பவரிடம் கொடுக்காதீர்கள். சாவி கையில் வரும் முன் செக்யூர் பூட், சாட்டா மோடு போன்ற பயாஸ் அமைப்புகளை மாற்றாதீர்கள் என்று மேலே சொன்னது இதற்காகத்தான். மாற்றினால், அதுவரை சும்மா எழுந்துகொண்டிருந்த விண்டோஸும் அடுத்த முறை சாவி கேட்டு நிற்கும்.

உள்ளே போய்விட்டேன், டெஸ்க்டாப்பும் டாக்குமென்ட்ஸும் காலியாக இருக்கின்றன

யூசர்ஸ் ஃபோல்டர், அதற்குள் உங்கள் பெயர், அதற்குள் டெஸ்க்டாப். சரியான இடம்தான். ஆனால் ஒன்டிரைவ் இயங்கும் கணினிகளில் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றையும் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் நகர்த்தி வைத்திருப்பார்கள். உங்கள் பெயருக்குள்ளேயே ஒன்டிரைவ் என்று தேடுங்கள்.

அங்கே கோப்புப் பெயர் இருக்கிறது, திறந்தால் உடைந்த இணைப்பு என்கிறதா? அந்தக் கோப்பு இந்த டிஸ்க்கில் இல்லை, மேகத்தில்தான் இருக்கிறது. இடத்தை மிச்சப்படுத்த விண்டோஸ் பெயரை மட்டும் இங்கே விட்டுவைத்திருக்கிறது. பிரவுசரில் ஒன்டிரைவ் கணக்கைத் திறந்து இறக்கிக்கொள்ளுங்கள்.

டேலி வைத்திருப்பவர்கள் உங்கள் பெயருக்குள் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். டேலி பிரைம் என்றால் வழக்கமாக யூசர்ஸ், பப்ளிக், டேலிபிரைம், டேட்டா. அதற்குள் எண்களே பெயராக இருக்கும் ஃபோல்டர்கள்தான் கம்பெனிகள், ஒரு எண் ஒரு கம்பெனி. எது எதுவென்று யோசிக்காமல் டேட்டா ஃபோல்டரை முழுதாக எடுங்கள்.

"அனுமதி இல்லை" என்கிறது

உள்ளே இருந்தது விண்டோஸ் இல்லை, பழைய லினக்ஸ் என்றால் வரும். அந்தக் கோப்புகளுக்கு உரிமையாளர் வேறு எண், லைவில் ஓடும் நீங்கள் வேறு எண். ஃபோல்டர்களின் அனுமதியை மாற்றப் போகாதீர்கள், சூடோ போட்டுக் காப்பி எடுங்கள், போதும். டிஸ்க் முழுக்க லக்ஸ் (லினக்ஸின் டிஸ்க் பூட்டு) போட்டிருந்தால் கிளம்பும்போது தினமும் கொடுத்த அந்தக் கடவுச்சொல்தான் இங்கேயும் வேண்டும்.

காப்பி பாதியில் நிற்கிறது

எந்தக் கோப்பில் நிற்கிறது என்று பாருங்கள். கல்யாண வீடியோ மாதிரி பெரிய கோப்பில் நின்று "மிகப் பெரியது" என்றால் டிஸ்க்கில் குறையில்லை. உங்கள் பென்டிரைவ் ஃபேட்32 வடிவத்தில் இருக்கிறது, 4 ஜிபி அளவுக்கு ஒரு கோப்பு அதற்குள் போகாது. எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் வடிவத்தில் உள்ள வெளி டிஸ்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். முதலிலேயே வெளி ஹார்ட் டிஸ்க் கேட்டது இதனால்தான்.

சின்னக் கோப்பிலேயே நின்று "இன்புட் அவுட்புட் எரர்" என்றால் நிலைமை வேறு. டிஸ்க்கின் பரப்பு போகத் தொடங்கிவிட்டது. டிஸ்க்ஸ் மென்பொருளில் அந்த டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து மூன்று புள்ளி மெனுவில் ஸ்மார்ட் டேட்டா என்பதைத் திறங்கள். மேலே "டிஸ்க் சரியாக இருக்கிறது" என்று போட்டிருந்தால் அதை அப்படியே நம்பிவிடாதீர்கள், கீழே இரண்டு வரிகளைப் பாருங்கள்: 5-ஆம் எண், ரீஅலொகேட்டட் செக்டர். 197-ஆம் எண், பெண்டிங் செக்டர். முதலாவது ஏற்கெனவே கெட்டு மாற்று இடம் கொடுத்தவை. இரண்டாவது படிக்க முடியாமல் தொங்கிக்கொண்டிருப்பவை. 197-இல் பூஜ்யத்தைத் தவிர எது இருந்தாலும் இழுத்துப் போட்டுக் காப்பி எடுப்பதை நிறுத்துங்கள்.

ஏன் என்றால், ஃபைல்ஸ் ஜன்னலுக்கு விவரம் பத்தாது. படிக்க முடியாத இடத்திலேயே முட்டிக்கொண்டு நிற்கும், டிஸ்க்கின் மிச்ச ஆயுளும் அங்கேயே கரையும். இதற்கென்றே இருப்பது ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருள். முதல் சுற்றில் நல்ல இடங்களை வேகமாக அள்ளிவிடும், சண்டித்தனம் செய்யும் இடங்களைத் தாண்டிப் போய் ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொள்ளும், பிறகு அவற்றுக்கு மட்டும் திரும்பி வரும். கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும், அந்த வரைபடக் கோப்பை வெளி டிஸ்க்கில் வைத்திருந்தால். உபுண்டுவில் நிறுவும்போது மட்டும் முன்னால் ஒரு "ஜி" சேர்த்து ஜிடிடிரெஸ்க்யூ என்று தேட வேண்டும். ஆணையில் முதலில் வருவது கெட்ட டிஸ்க், அடுத்தது நகல் போகும் இடம், மூன்றாவது வரைபடக் கோப்பு. முதல் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டால் காலி டிஸ்க்கை எடுத்து உங்கள் கோப்புகள் மேல் எழுதிவிடும். என்டர் தட்டும் முன் டிஸ்க்ஸ் ஜன்னலில் பெயரையும் அளவையும் ஒத்துப்பாருங்கள். நான் இன்றும் விரல் வைத்துத்தான் பார்க்கிறேன். டிஸ்க் முழுதும் ஒரே படக்கோப்பாக வரும் என்பதால் வெளி டிஸ்க் அதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். படம் வந்தபின் அதன் மேல் டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் போன்றவற்றை ஓட்டி அழிந்ததைத் தேடிக்கொள்ளலாம்.

"டிக், டிக்" என்று சீராகத் தட்டும் சத்தம் கேட்டால் இது எதுவும் வேண்டாம். உடனே அணையுங்கள். டிஸ்க்கைப் படிக்கும் தலை பரப்பில் உரசிக்கொண்டிருக்கலாம், ஒவ்வொரு நிமிடமும் நஷ்டம். தூசியில்லா அறை வைத்து டிஸ்க்கைத் திறக்கும் இடத்துக்குத்தான் அது போக வேண்டும். ஃப்ரீசரில் வைக்கச் சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

விண்டோஸ் டிஸ்க் போட்டுத்தான் வந்தேன், கறுப்புத் திரை மட்டும் இருக்கிறது

லினக்ஸ் கிடைக்கவில்லை, விண்டோஸ் இன்ஸ்டால் டிஸ்க்தான் இருக்கிறது என்றாலும் வழி உண்டு. ரிப்பேர், டிரபிள்ஷூட், கமாண்ட் பிராம்ட் என்று போங்கள். எக்ஸ் டிரைவில் நிற்பீர்கள், அது ரேமில் இருக்கும் தற்காலிக டிரைவ். அங்கே நோட்பேட் என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். நோட்பேட் எழுந்துவிடும்! ஃபைல், ஓப்பன் கொடுத்து, கீழே "ஆல் ஃபைல்ஸ்" என்று மாற்றினால் அந்தச் சின்னப் பெட்டிதான் உங்கள் ஃபைல் எக்ஸ்ப்ளோரர். ஃபோல்டரின் மேல் வலது கிளிக், காப்பி. வெளி டிஸ்க்குக்குப் போய் வலது கிளிக், பேஸ்ட். எத்தனை சதவீதம் என்று காட்டும் பட்டை வராது, உறைந்த மாதிரி நிற்கும், வெளி டிஸ்க்கின் விளக்கு மினுக்குகிறதா என்று பார்த்துக்கொண்டு பொறுமையாக இருங்கள்.

இங்கே டிரைவ் எழுத்துகள் இடம் மாறியிருக்கும். சி என்று தெரிவது சின்னப் பார்ட்டிஷனாகவும் உங்கள் சி இங்கே டி ஆகவும் இருக்கலாம். உள்ளே யூசர்ஸ் ஃபோல்டர் இருக்கிறதா என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். டிஸ்க்பார்ட் என்ற பார்ட்டிஷன் கருவியில் "லிஸ்ட் வால்யூம்" பார்ப்பது பிழையில்லை. "கிளீன்" என்ற சொல்லை மட்டும் அங்கே டைப் செய்துவிடாதீர்கள். இந்தச் சூழல் தொடர்ந்து 72 மணி நேரம் ஓடினால் தானே ரீஸ்டார்ட் ஆகிவிடும், பெரிய டிஸ்க்கை மெதுவான யுஎஸ்பியில் இழுப்பவர்கள் கவனிக்க.

எல்லாம் எடுத்தேன், ரீஸ்டார்ட் செய்ததும் காணவில்லை

லைவ் டெஸ்க்டாப்பில் பேஸ்ட் செய்திருப்பீர்கள். அந்த டெஸ்க்டாப் ரேமில் இருக்கிறது, அணைத்ததும் ஆவி. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வளைகாப்பு ஆல்பத்தை இப்படித்தான் டெஸ்க்டாப்பில் எடுத்துவைத்து, பெருமையாக ரீஸ்டார்ட் கொடுத்தேன். நல்ல வேளை மூலம் டிஸ்க்கிலேயே இருந்தது, இன்னொரு மூன்று மணி நேரம் உட்கார்ந்தேன். எடுத்தது மூலத்தில் அப்படியேதான் இருக்கும், வெளி டிஸ்க்குக்கு நேராக மறுபடி எடுங்கள். "கட்" வேண்டாம், "காப்பி" மட்டும்.

வெளி டிஸ்க்குக்குத்தான் எடுத்தேன், அங்கேயும் பாதிதான் இருக்கிறது என்றால் அவசரப்பட்டுப் பிடுங்கியிருக்கிறீர்கள். பட்டை நூறு காட்டினாலும் கடைசிப் பகுதி ரேமில் வரிசையில் நிற்கும். ஃபைல்ஸில் அந்த டிஸ்க்கின் பக்கத்தில் உள்ள எஜெக்ட் குறியை அமுக்கி, அது விடைபெறும் வரை காத்திருந்து கழற்றுங்கள்.

கோப்பு வந்தது, தமிழ் மட்டும் குப்பையாக இருக்கிறது

கோப்புப் பெயர்கள் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் லைவ் டிஸ்க்கில் தமிழ் எழுத்துரு இல்லை என்பது மட்டும்தான். பெயரை என்டிஎஃப்எஸ் யூனிகோடில்தான் வைத்திருக்கிறது, காப்பியில் ஒன்றும் ஆகாது, நல்ல கணினியில் பார்த்தால் தமிழாகவே இருக்கும்.

உள்ளே உள்ள எழுத்து "mk;kh" என்பது போல ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்தால் அது பாமினியிலோ அதுபோன்ற பழைய எழுத்துருவிலோ அடித்தது. கோப்பு கெடவில்லை, எழுத்துரு கூட வரவில்லை. டிடிபி கடைக்காரர்கள், கோயில் மலர் போடுபவர்கள், பழைய வினாத்தாள் வைத்திருக்கும் ஆசிரியர்கள் எல்லோருக்கும் இது நடக்கும். லைவ் டிஸ்க்கிலிருந்து வெளியேறும் முன் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் சேர்த்து எடுத்துவிடுங்கள். உங்கள் பெயருக்குள் ஆப்டேட்டா, லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபான்ட்ஸ் என்று இன்னொரு ஃபோல்டரும் இருக்கலாம், விண்டோஸ் 10-இல் ஒருவருக்கு மட்டும் என்று நிறுவிய எழுத்துருக்கள் அங்கேதான் போய் உட்காரும். ஆப்டேட்டா மறைந்திருக்கும் ஃபோல்டர் என்று தேட வேண்டாம், லினக்ஸில் அது சாதாரணமாகவே கண்ணில் படும்.